வெள்ளைக்காரர் காலத்துத் தூண்டிலுக்கு என்ன விலை?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறவர்கள் தேடுவது தேக்குக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, பீங்கான் சாடி. இவற்றுக்கு நடுவே ஏதாவது ஒரு கடையின் மூலையில், கழற்றி வைத்த கதவு நிலைக்குப் பின்னால், காடாத் துணிப் பையில் ஒரு மூங்கில் கட்டு சாய்ந்து கிடக்கும். பிரித்தால் இரண்டு மூன்று துண்டுகள், அவற்றை ஒன்றோடொன்று பூட்டும் உலோகப் பூண், கார்க் பிடி, நூல் சுற்றிக் கட்டிய சின்ன வளையங்கள். அந்தக் காலத்துத் துரைமார் மீன் பிடித்த தூண்டில் கழி. கடைக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் வாங்க வந்தவர் இறங்கிய காரைப் பொறுத்தது.

பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பதும், விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் மதிப்புச் சொல்வதும் என் தொழில். இந்தக் கழிகளைப் பற்றி இப்போது அதிகம் பேர் கேட்கிறார்கள். இணையத்தில் யாரோ ஒருவர் ஒரு கழிக்கு லட்சத்தில் விலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் இருப்பதும் அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கேட்கிற விலை வேறு, கைமாறிய விலை வேறு. ஏல நிறுவனங்களின் தளத்தில் விற்று முடிந்த விலையைப் பார்க்காமல் பேச ஆரம்பிக்கவே கூடாது.

கண்மாயும் ஊரணியும் தவிர வேறு நீர் இல்லாத நம் பக்கத்துக்கு இந்தச் சாமான் எப்படி வந்தது? கொண்டுவிக்கப்போன, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன வீடுகளில் பர்மா, மலேயா, இலங்கையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த சாமான்களோடு சில வந்தன. மற்றவை மலையிலிருந்து இறங்கியவை. நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க 1863லேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்றார். அது கைகூடியது 1900களின் முதல் பத்தாண்டில், மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில்தான். அப்புறம் ஊட்டியிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் தூண்டில் கழி இல்லாத துரை வீடு அரிது. காவிரியிலும் கபினியிலும் மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கத் தனியாகக் கனத்த கழி வைத்திருந்தார்கள். 1946ல் கபினியில் ஒருவர் பிடித்த மஹசீர் 120 பவுண்டு. பங்களாக்கள் கைமாறியபோது கட்டில் மேஜையோடு இவையும் வியாபாரிகளிடம் வந்து சேர்ந்தன.

சாமானை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல கழி ஒரே மூங்கில் அல்ல. மூங்கிலைப் பிளந்து, ஒவ்வொரு சிம்பையும் முக்கோணமாக இழைத்து, ஆறு சிம்புகளைச் சேர்த்து ஒட்டியது. கையில் பிடித்து உருட்டினால் ஆறு பட்டை தெரியும். பூண் கழன்ற முனை இருந்தால் உள்ளே பாருங்கள். குறுக்கே அறுத்த எலுமிச்சம்பழம் போல ஆறு முக்கோணமும் நடுவில் கூடும். கணுக்கள் ஆறு பட்டையிலும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வரும். ஒரே இடத்தில் வளையமாகக் கணு தெரிந்தால் அது முழு மூங்கில். அதுவும் பழசாக இருக்கலாம், ஆனால் விலை வேறு. பளபளப்பாக, கனமாக, கணுவே இல்லாமல் இருந்தால் அது மூங்கிலே இல்லை. தென்னமெரிக்காவின் கிரீன்ஹார்ட் மரமாக இருக்கும். மூங்கில் கழி பரவலாவதற்கு முன் அதுதான் ஓடியது.

ஆரம்ப காலத்தில் இந்தியாவிலிருந்து போன கல்கத்தா மூங்கிலில்தான் கழி செய்தார்கள். அதன் தோலில் தீ சுட்ட கறுப்புத் தழும்புகள் இருக்கும். அந்தத் தழும்பைக் குறை என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், அது வயதுக்குச் சாட்சி. பிறகு தென்சீனாவின் டாங்கின் மூங்கில் வந்தது. 1950ல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டது, கண்ணாடி இழைக் கழியும் அந்தச் சமயத்தில் சந்தைக்கு வந்தது, மூங்கிலின் காலம் சுருங்கியது.

இப்போது உப்புத்தாள் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பழைய கழிகளைக் கொன்றது கரையானைவிட உப்புத்தாள்தான். மூங்கிலின் பலமெல்லாம் தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து சோறு அதிகம். அதனால்தான் செய்தவன் சிம்பை உள்பக்கமாகவே இழைத்து, வெளித்தோலைத் தொடாமல் விட்டான். விற்பதற்கு முன் “கொஞ்சம் பாலிஷ் போட்டுத் தாரேன்” என்று ஒரு ஆள் உட்கார்ந்து தேய்த்தால், தேய்ந்து போவது அந்தத் தோல்தான். பட்டைகளின் விளிம்பு மழுங்கி உருண்டையாகிவிடும். எழுத்து, முத்திரை, பட்டு நூல்கட்டு எல்லாம் போய்விடும். மேலே டச்வுட் வார்னிஷ் மினுமினுக்கும், கழி செத்திருக்கும். கடையில் மினுமினுப்பான கழியைப் பார்த்தால் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். ஆறு முனையும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

அடுத்து வெயில். பழைய கழிகளை ஒட்டியது நம் ஆசாரிகள் வைத்திருந்த மாதிரி வச்சிரப்பசையில். அதற்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. பசை மேல் நம்பிக்கை இல்லாததால்தான் மிகப் பழைய கழிகளில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நூல்கட்டு போட்டிருக்கும். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று வளவு முற்றத்து வெயிலில் நெல்லோடு நெல்லாகக் காயப் போட்டால் சிம்பு விடும். விட்டிருக்கிறதா என்று பார்க்க, நூல்கட்டுகளுக்கு நடுவே இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். கோடு திறந்து மூடினாலோ, கறுப்பாக அழுக்கு ஏறிய கோடு தெரிந்தாலோ பசை போய்விட்டது. நிறைய பேர் கடையிலேயே கழியைப் பூட்டிச் சாட்டை மாதிரி வீசிப் பார்க்கிறார்கள். அறுபது எழுபது வருடம் சும்மா கிடந்த சாமானை அப்படி வீசினால், பூணை ஒட்டிய இடத்தில் ஒடியும். ஒடித்தவர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

விலையில் பாதி, துண்டு குறையாமல் முழுமையாக இருப்பதில்தான் இருக்கிறது. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டுக்குக் கழி பார்க்கப் போயிருந்தேன். அடித்துண்டும் ஒரு நுனித்துண்டும் பைக்குள் இருந்தன, நடுத்துண்டு இல்லை.

“ஆச்சி, இதில் நடுவில் ஒன்று இருக்க வேணுமே?”

“சாமான் பங்கு வச்சப்போ நீளமா இருக்குன்னு அது எங்க கொழுந்தனார் பங்குக்குப் போச்சு தம்பி. அவுக வீட்ல ஒட்டடைக் கம்பா கெடக்கு.”

உண்மையிலேயே கிடந்தது. முனையில் தேங்காய்நார் கட்டியிருந்தார்கள். நாரை அவிழ்த்தால் ஜெர்மன் சில்வர் பூண் பத்திரமாக இருந்தது. மூன்றையும் ஒன்று சேர்த்த பிறகுதான் அது கழியாயிற்று. தனித்தனியாக அவற்றுக்கு விறகு விலைகூட வராது. பங்கு பிரிக்கிறவர்கள் துணிப் பைக்குள் இருப்பதைப் பைக்குள்ளேயே விடுங்கள். அந்தப் பையில் இரண்டு நுனித்துண்டு இருந்தால் இன்னும் நல்லது. நல்ல கழிகள் பலவற்றை உபரி நுனியோடுதான் விற்றார்கள்.

துண்டுகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பூண் உள்ளே நுழையும் அளவைக் கழித்தால், பெரும்பாலான கழிகளில் எல்லாத் துண்டும் ஒரே நீளம் வர வேண்டும். நுனி மட்டும் நான்கு விரற்கடை குறைந்தால் அது ஒடிந்து, வெட்டி, வளையத்தை மறுபடி மாட்டியது. அப்படிப்பட்ட கழிக்கு நான் பாதிக்கு மேல் கழித்துவிடுவேன். ஆத்தங்குடிக் கல் தரை இருக்கிற வீடு என்றால் ரொம்ப வசதி: நுனித்துண்டைக் கல்லின் விளிம்புக் கோட்டோடு ஒட்டி வைத்துப் பாருங்கள், வளைவு உடனே தெரியும். சுவரில் சாய்த்து வைத்தே பல வருடம் கிடந்த கழி அந்தச் சாய்விலேயே நின்றுவிடும். லேசான வளைவை விஷயம் தெரிந்தவர் நிமிர்த்தலாம், ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்க வேண்டும்.

பூணை இழுத்துப் பிரிக்கும்போது “டப்” என்று காற்று விடுகிற சத்தம் வந்தால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. திருகி இழுக்காதீர்கள், நேராக இழுங்கள். வளையங்களில் அகேட் கல் பதித்திருந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். விரிசல் விட்ட கல் நூலை அறுக்கும். சிறு துளையும், தட்டினால் மாவும் வந்தால் உளுத்துவிட்டது, விலையே பேச வேண்டாம்.

சரி, யார் செய்த கழி? பிடிக்கு மேலே மூங்கிலில் எழுத்தாகவோ, பூணிலும் அடி மூடியிலும் பொறித்தோ பெயர் இருக்கும். இங்கே அதிகம் அடிபடும் பெயர் ஹார்டி. 1872ல் இங்கிலாந்தின் ஆல்ன்விக் ஊரில் தொடங்கியது. பாலகோனா என்பது அவர்களுடைய ஒட்டு மூங்கிலின் வணிகப் பெயர். வரிசை எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், வயது பார்க்க உதவும். ஊசித் தொழிலுக்குப் பேர்போன ரெடிட்ச் ஊரின் ஆல்காக், மில்வர்ட் கழிகளும் வரும். நல்ல சாமான்தான், ஆனால் ஏராளமாகச் செய்தவை, அதனால் விலை மட்டாகத்தான் நிற்கும்.

விலையில் பலருக்கும் தலைகீழாகத் தோன்றும் சங்கதி நீளம். பதினான்கு அடி சால்மன் கழியைப் பார்த்ததும் பெரிய சாமான் என்று கை பரபரக்கும். அது கனம், அதை வைத்து இன்று மீன் பிடிக்கிறவர் குறைவு, அனுப்பவும் செலவு. ஏழு ஏழரை அடி டிரவுட் கழிக்குத்தான் போட்டி, ஏனென்றால் வாங்குகிறவர்கள் அதை இன்றும் ஓடைக்குக் கொண்டு போகிறார்கள். ஹார்டியின் சி.சி. டி பிரான்ஸ் மாதிரியானவை அந்த வகை. அமெரிக்காவின் லெனர்ட், பெய்ன் கழிகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். அவை நம் பக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, மரப்பெட்டிக் கழி. மூடியைத் திறந்தால் நாலைந்து துண்டு, சிவப்பு பச்சை நூல்கட்டு, பெட்டி ஓரத்தில் ஈப்போல செய்த தூண்டில் முள்கள் வரிசையாக இருக்கும். பார்க்க அத்தனை அழகு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் ஏராளமாகச் செய்து சிப்பாய்களுக்கும் பயணிகளுக்கும் விற்றது. மட்டப் பசை, மட்டப் பூண். ஷோகேஸில் வைக்க வாங்குங்கள், முதலீடு என்று வாங்காதீர்கள். எங்கள் தெருவில் அதிகப் பணம் ஏமாந்து போவது இந்தப் பெட்டியில்தான்.

கழியைவிட, நூல் சுற்றி வைக்கும் சக்கரமான ரீல் விலை போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஹார்டியின் பெர்ஃபெக்ட் ரீல் 1891ல் வந்தது. ஆரம்பத்தில் செய்தவை முழுப் பித்தளை. கழியைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டு, “அதோட ஒரு பித்தளைச் சக்கரம் இருந்துச்சு, காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டோம்” என்று சொன்னவர்கள் உண்டு. கேட்கவே வயிறு எரியும். பித்தளை என்றாலே எடைக்குப் போடும் பழக்கத்தை இதில் மட்டுமாவது நிறுத்துங்கள்.

மோசடி இரண்டு விதம். ஒன்று, பெயரில்லாத கழியில் ஹார்டி ஸ்டிக்கர் ஒட்டுவது. எழுத்து புதிதாகவும் அதைச் சுற்றிய வார்னிஷ் பழையதாகவும் இருந்தால், பூணிலோ ரீல் பிடியிலோ அதே பெயர் இல்லையென்றால், கீழே வைத்துவிடுங்கள். இரண்டாவது, இரண்டு மூன்று கழிகளின் துண்டுகளைக் கோத்து ஒன்றாக்குவது. நூல்கட்டின் நிறமும் மூங்கிலின் நிறமும் துண்டுக்குத் துண்டு மாறினால் அதுதான். “இது கலெக்டர் துரை வைத்திருந்த கழி” என்ற கதைக்குக் கடிதமோ, பில்லோ, பையில் பெயரோ இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தர வேண்டாம்.

வாங்கிய பிறகு ஈரமில்லாத துணியால் துடைத்தால் போதும். பையில் போட்டு நாடாவால் ஆணியில் தொங்கவிடுங்கள், அல்லது தட்டையாகப் படுக்க வையுங்கள். சமையலறைப் பரண் வேண்டாம். அங்கே சூடும் எண்ணெய்ப் புகையும் சேரும்.

வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கழி அந்த வயதை எட்டியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கி, பார்சலோடு வைத்து அனுப்புங்கள். சுங்கத்தில் மாட்டினால் கழியும் போகும், கொடுத்த முன்பணத்தையும் திருப்பித் தர வேண்டிவரும்.