வெள்ளையாக இருக்கிறது என்று அவர் சொன்னது

பெரம்பூரிலிருந்து வந்த அம்மாவுக்கு வயது 61. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார். "கீழே அரிப்பு டாக்டர், வெள்ளையா இருக்கு." இரண்டு வருடமாக இதையேதான் சொல்லி வந்திருக்கிறார். கேட்டவர்கள் வெள்ளைப்படுதல் என்று எடுத்துக்கொண்டு, பூஞ்சைக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னது கசிவை அல்ல, தோலின் நிறத்தை.

நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். பெண்ணுறுப்பின் வெளித்தோல் காய்ந்த பூண்டுத் தோல் மாதிரி வெளுத்து, மெலிந்து, சுருங்கியிருந்தது. உள் உதடுகள் பாதி ஒட்டிப்போயிருந்தன. லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்ற, தோல் வெளுத்து மெலியும் நாள்பட்ட தோல் நோய். இது தொற்று இல்லை. சுத்தக் குறைவாலும் வருவதில்லை. அந்த அம்மா தினமும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவியது எரிச்சலைத்தான் கூட்டியிருக்கிறது.

வெண்புள்ளி நோயிலும் தோல் வெளுக்கும், ஆனால் அதில் நிறம் மட்டும் போகும், தோல் மெலியாது. இரண்டையும் பிரித்தறியக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு, சர்க்கரை நோயோ ஹார்மோன் சிகிச்சையோ இல்லாதவருக்குப் பூஞ்சைத் தொற்று அவ்வளவு சாதாரணமில்லை. அந்த வயதில் அரிப்பு என்றால் எனக்கு முதலில் தோல் நோய்தான் நினைவுக்கு வரும். சிறுமிகளுக்கும் இது வரும். ரத்தக்கட்டு போலத் தெரிவதால் பாலியல் வன்முறை என்றுகூடத் தவறாக நினைத்துவிடுவார்கள்.

மருந்து கிளோபெட்டசால் 0.05% என்ற ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட். முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு முறை. மூன்று மாதத்துக்கும் சேர்த்தே சுமார் 30 கிராம் போதும். ஸ்டீராய்டு என்றதும் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் போடாதீர்கள். சென்னை வெயிலில் தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்கு அதைப் போட்டால் இன்னும் பரவும்.

இந்த நோய் உள்ளவர்களில் 100 பேருக்கு 5 பேருக்கும் குறைவாகவே புற்றுநோய் வருகிறது. ஆனாலும் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, நாலு மில்லிமீட்டர் அளவு தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

ஒட்டிய தோல் பழையபடி ஆகாது என்று அந்த அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரத்தில் அரிப்பு அடங்கி, இரவில் தூங்க ஆரம்பித்தார். அடுத்த முறை வந்தபோது மகளையும் உள்ளே கூட்டி வந்தார்.