பிள்ளையார் பாட்டைக் கழித்தால் எது முதல் பாட்டு?

போன சித்திரையில் சேரன்மகாதேவிக்கு மேற்கே ஓர் ஊருக்குக் கோயில் கொடை விழா பார்க்கப் போயிருந்தேன். மதியக் கொடை முடிந்து வில்லுப்பாட்டுக்காரர்கள் சாப்பிடப் போன நேரம். மைக்செட் அண்ணாச்சி பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு பழைய நோட்டை நீட்டினார். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. இசைத்தட்டுக் காலத்திலிருந்து எந்தக் கொடையில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்று எழுதி வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "அடுத்த வருசம் எந்த ரிக்கார்டு வாங்கணும்னு தெரியணும்லா?" என்றார். அப்புறம் கேட்டார்:

"சார்வாள், நீங்க கணக்கு வாத்தியார்தான? ஒவ்வொரு வருசத்துக்கும் இதான் ஒசந்த பாட்டுன்னு இதுல இருந்து எடுத்துச் சொல்லுங்க, பாப்போம்."

கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று நோட்டை இரவல் வாங்கிவந்து பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து கூட்டினேன். முதல் வருசம் பிள்ளையார் பாட்டு. அடுத்த வருசமும் பிள்ளையார் பாட்டு. எல்லா வருசமும் பிள்ளையார் பாட்டு! எந்தக் கொடையானாலும் குழாய் கட்டியதும் முதலில் ஓடுவது அதுதானே. காலையிலும் சாயங்காலமும் ஒரு தடவை, கரண்ட் போய் வந்தால் இன்னொரு தடவை. அண்ணாச்சிக்கு போன் போட்டேன். சிரித்தார். "புள்ளி வச்சிருந்தா நானாப் போட்டது. கோடு போட்டிருந்தா சீட்டு எழுதிக் கேட்டு வாங்கினது. கோட்டை மட்டும் கூட்டுங்க."

ஓடியது வேறு, கேட்டு வாங்கியது வேறு. எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் இதைப் புள்ளியும் கோடுமாகப் பிரித்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களுக்கே இது தலைவலி. மரியா கேரி 1994-இல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று 25 வருசம் கழித்து, 2019 டிசம்பரில் பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. கிறிஸ்துமஸ் மாதத்தில் கடையிலும் வீட்டிலும் பண்டிகைப் பாட்டுத் தொகுப்பு தானாக ஓடிக்கொண்டிருக்கும். கோட்டோடு புள்ளியையும் சேர்த்துக் கூட்டினால் பிள்ளையார் பாட்டுதான் ஜெயிக்கும்.

பாட்டுக்கு வரிசை போடும் பழக்கம் ரொம்பப் பழையதில்லை. இங்கிலாந்தில் 1952 நவம்பர் 14 அன்று ஓர் இசைப் பத்திரிகை முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. அதைத் தயாரித்த பெர்சி டிக்கின்ஸ் செய்ததெல்லாம் சுமார் 20 கடைகளுக்குப் போன் போட்டு எது நன்றாக விற்கிறது என்று கேட்டதுதான். அதே வருசம் டிசம்பர் 3, இலங்கை வானொலியில் அமீன் சயானி 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கினார். இடைவெளி 19 நாள்! கீத்மாலாவில் பாட்டுக்கு இடம் போடுவது மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தது. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்த காலம் அது. விவித பாரதி 1957-இல்தான் வந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, நம் பக்கத்தில் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். கீத்மாலாவில் இடங்களை ஏணிப்படி என்றே சொல்வார்கள். நெடுநாளாக ஏணியை விட்டு இறங்காத பாட்டுக்கு மகுடம் சூட்டி, மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த மகுடம் ஒரு நல்ல கணக்கு வித்தை. பட்டியலில் புதுப் பாட்டுக்கு இடம் காலியாக வேண்டுமே. அமெரிக்கப் பட்டியலிலும் இதே ஏற்பாடு உண்டு. 20 வாரம் ஆன பாட்டு 50-க்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடுவது என்பது அங்கே நெடுநாள் இருந்த விதி.

சரி, அண்ணாச்சி நோட்டின் முதல் பாதியில் கோடுகள் இருந்ததால் பிரச்சினை இல்லை. கேசட் வந்தபின் அவருக்கு வேலை கூடிவிட்டது, பொறுமையும் குறைந்துவிட்டது. ஒவ்வொரு கொடைக்கும் முதல் பத்துப் பாட்டை மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறார். எத்தனை சீட்டு வந்தது என்ற எண்ணிக்கை கிடையாது. இனி என்ன செய்வது? இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வரிசை என்பது எண்ணிக்கையைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை. முதல் பாட்டுக்கு 40 சீட்டும் இரண்டாவதற்கு 39-உம் வந்திருந்தாலும் வரிசை 1, 2 தான். 40-உம் 8-உம் வந்திருந்தாலும் அதே 1, 2 தான். டவுனில் சாயங்காலம் அல்வாவுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது என்பதோ, கடைசி ஆள் பத்தடி தள்ளி நின்றார் என்பதோ, "நீங்க எத்தனாவது ஆள்?" என்று கேட்டால் தெரியாது. போன அந்த இடைவெளியை நாம் ஊகித்துத் திரும்ப வைக்க வேண்டும். அந்த ஊகத்துக்குத்தான் மதிப்பெண் முறை என்று பெயர்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தலைகீழ் மதிப்பெண். பத்துப் பாட்டுப் பட்டியல் என்றால் முதலிடத்துக்கு 10, இரண்டுக்கு 9, பத்தாவதுக்கு 1. நூறு பாட்டு என்றால் 100, 99, 98 என்று. இப்போது இரண்டு பாட்டை வைத்துக்கொள்வோம். ஒன்று வாணப் பாட்டு. வந்த வேகத்தில் நான்கு வாரம் முதலிடம், அடுத்த வாரம் 3, அதற்கடுத்த வாரம் 6, அதோடு காணாமல் போய்விடுகிறது. இன்னொன்று ஊதுவத்திப் பாட்டு. ஒரு வாரம்கூட முதலிடத்தைத் தொடவில்லை. 8, 6, 5, 4, 3, 3, 4, 5, 5, 6, 8, 9 என்று பன்னிரண்டு வாரம் புகைந்துகொண்டே இருக்கிறது. தலைகீழ் முறையில் கூட்டினால் வாணத்துக்கு 53, ஊதுவத்திக்கு 66. ஊதுவத்திதான் வருசத்தின் பாட்டு!

இப்போது மதிப்பெண்ணை மட்டும் மாற்றுவோம். முதலிடத்துக்கு 60. மற்ற இடங்களுக்கு 60-ஐ அந்த இட எண்ணால் வகுத்து வருவது. இரண்டாமிடத்துக்கு 30, மூன்றுக்கு 20, நான்குக்கு 15, ஐந்துக்கு 12. வாணத்துக்கு 240-உம் 20-உம் 10-உம் சேர்ந்து 270. ஊதுவத்திக்கு ஏறக்குறைய 148. கேட்டவர்களும் அதே ஆட்கள், பட்டியலும் அதே பட்டியல். ஆனால் முடிவு குட்டிக்கரணம் அடித்துவிட்டது. முதல் முறை கூழ் காய்ச்சுகிறவரின் பொறுமையை மதிக்கிறது. இரண்டாவது முறை பந்தயத்தில் முந்துகிறவரை மதிக்கிறது. இந்தச் சின்ன வளைவு ஒரு வருசத்தின் நினைவையே மாற்றி எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வகுப்பில் இதை நடத்தும் நாளில் மணி அடிப்பதே காதில் விழாது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த வருசமும் அதுதான். ஆனால் பில்போர்டின் அந்த ஆண்டுப் பட்டியலில் முதலாவதாக வந்தது 'ஊலி புல்லி' என்ற பாட்டு. வாரப் பட்டியலில் அது இரண்டாமிடத்தைத் தாண்டியதே இல்லை. ஆனால் 18 வாரம் அசையாமல் கிடந்தது. சுத்தமான ஊதுவத்தி. 2021-இல் துவா லிப்பாவின் 'லெவிடேட்டிங்' பாட்டுக்கும் இதே கதை. இரண்டாமிடம்வரைதான் ஏறியது, ஆண்டுப் பட்டியலில் முதலிடம்.

விஸ்கான்சினில் ஜோயல் விட்பர்ன் என்று ஒருவர் இருந்தார், 2022-இல் காலமானார். பில்போர்டு பட்டியல்களை அட்டை அட்டையாக எழுதித் தொகுத்ததையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். அமெரிக்க மைக்செட் அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆண்டு வரிசையில் மதிப்பெண்ணே கிடையாது. எந்த இடம்வரை ஏறியது, அந்த உச்சியில் எத்தனை வாரம் நின்றது, இவைதான் முதலில். சமமாக இருந்தால் மட்டும் முதல் பத்தில் எத்தனை வாரம், மொத்தம் எத்தனை வாரம் என்று போகும். இந்த முறையில் வாணம்தான் எப்போதும் முன்னால். எனக்கு இது கொஞ்சம் கறாராகப் படுகிறது. ஒரே ஒரு வாரம், அதுவும் போட்டியே இல்லாத வாரத்தில் முதலிடம் பிடித்த பாட்டு, மூன்று மாதம் இரண்டாவதாக நின்ற பாட்டை முந்திவிடும்.

எந்த வளைவு சரி என்று தராசில் வைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. எண்ணிக்கை தெரிந்த இடத்தில் வளைவின் உருவத்தைக் கண்டுபிடித்து, தெரியாத இடத்தில் அதைப் பொருத்துவது. அண்ணாச்சி நோட்டே அதற்கு வழி செய்கிறது: முதல் பாதியில் கோடுகள் இருக்கின்றனவே! கோடுகளை வரிசைப்படி அடுக்கி வரைந்தேன். தலைப்பக்கம் அகத்தியர் மலை மாதிரிச் செங்குத்து, வால்பக்கம் தேரிக்காடு மாதிரித் தட்டை. இந்த உருவத்தை மொழியியல்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு புத்தகத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி அடுக்கினால் இரண்டாவது சொல் முதல் சொல்லில் ஏறக்குறைய பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று இறங்கும். ஜிப்ஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பெயரில் வழங்கும் விதி இது. எங்கள் ஊர் ரசனை அந்த அளவுக்குச் செங்குத்தாக இல்லை, நேர்கோட்டு அளவுக்குச் சாய்வாகவும் இல்லை. நடுவில் ஒரு வளைவு. அதையே மதிப்பெண்ணாக வைத்துக் கேசட் காலத்துப் பட்டியல்களைக் கூட்டினேன்.

அமெரிக்காவில் இந்த ஊக வேலை 1991-இல் பெருமளவு தீர்ந்தது. அதுவரை கடைக்காரர்களும் வானொலி நிலையங்களும் தாமாகச் சொல்லும் வரிசைதான் கணக்கு. அந்த வருசம் நவம்பர் 30 தேதியிட்ட பட்டியலிலிருந்து, கடையில் பில் போடும்போது பட்டைக் குறியீடு வழியாகப் பதிவாகும் விற்பனை எண்ணிக்கையும் இயந்திரம் கேட்டுக் குறித்த வானொலி ஒலிபரப்பும் வந்தன. பாட்டுகள் திடீரென்று பட்டியலில் அதிக நாள் தங்க ஆரம்பித்தன. ரசனை ஒரே வாரத்திலா மாறும்? மனிதருக்குப் பழையது அலுத்துப்போகும், "அது முடிஞ்சு போச்சுங்க" என்று சொல்லிவிடுவார். பில் போடும் மெஷினுக்கு அலுப்பு கிடையாது. 2013-இல் யூடியூப் பார்வைகளும் கணக்கில் சேர்ந்தன. அதனால்தான் 1960-களின் பாட்டையும் இப்போதைய பாட்டையும் வார எண்ணிக்கையில் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. இந்தக் காலத்தில் 90 வாரம் இருந்த பாட்டு உண்டு. அன்று 18 வாரமே பெரிய விஷயம்.

இன்னொரு சிக்கல், வருசம் என்பது எது? பில்போர்டின் ஆண்டு நெடுங்காலம் டிசம்பரில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. அண்ணாச்சியின் ஆண்டு சித்திரைக்குச் சித்திரை. 2011 நவம்பர் 16 அன்று 'கொலவெறி' பாட்டு யூடியூபில் வந்தது. படமோ 2012 மார்ச் 30 அன்றுதான் திரைக்கு வந்தது. நவம்பரில் வெட்டினால் அந்தப் பாட்டுக்கு 2011-இல் இரண்டு வாரம், மீதியெல்லாம் 2012-இல். டிசம்பரில் வெட்டினாலும் பிளவுதான். சித்திரையில் வெட்டினால் மட்டும் உடல் முழுசாக ஒரே வருசத்தில் கிடக்கும். தீபாவளிப் பாட்டுகள் பலவற்றுக்கும் இதே தலைவிதி. இரண்டு வருசத்திலும் பாதிப் பாதி மதிப்பெண் வாங்கி இரண்டிலும் தோற்கும். என்னைக் கேட்டால், உச்சியைத் தொட்ட வருசத்துக்கே மொத்த மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுவதுதான் நியாயம். நட்சத்திரம் பார்த்து, எண்கணிதம் பார்த்து, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் படத்தை வெளியிடுகிறவர்கள், இந்த வெட்டுத் தேதியைப் பார்த்து வெளியிட்டால் கொஞ்சமாவது பலன் இருக்கும்.

இங்கே ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் ஒன்று இருக்கிறது. காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நம் ஊர் இருப்பதால், தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அங்கே பதிவு செய்கிறார்கள். நல்ல வேலை, அதற்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். அதில் ஒரு துளியை, கீழே தரையில் ஓடிய பாட்டுகளை எண்ணி வைத்தவர்களின் நோட்டுகளைப் படியெடுக்க ஒரு மாணவனுக்குக் கொடுத்தால் என்ன? ஒவ்வொரு மைக்செட்காரர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கரையானுக்குக் காத்திருக்கும்.

ஆடிக் கொடைக்கு மறுபடி போய், வருசவாரியாக எழுதிய தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு வருசத்தில் நின்றார். இசைத்தட்டுக் காலத்து வருசம், கோடுகளை எண்ணியே போட்டது, ஊகம் எதுவும் இல்லை.

"இது தப்பு, சார்வாள்."

"நோட்டுல அப்படித்தான இருக்கு, அண்ணாச்சி?"

"நோட்டுல இருக்கும். அந்த வருசம் எல்லாவனும் கேட்டது வேற பாட்டு. வைகாசியிலயே அந்த ரிக்கார்டு கீழ விழுந்து விண்டுபோச்சு. சீட்டைக் கொண்டாந்தவனை எல்லாம் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன். போடாத பாட்டுக்கு எப்படிக் கோடு போடுறது?"