திருகும் ஈயக் குண்டும்: காசு அடித்த கதையைச் சொல்லும் படங்கள்

பாரிஸில் தெனி திதரோ பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் படங்களுக்கென்றே 11 தொகுதிகள் உண்டு. 1762 முதல் 1772 வரை வெளிவந்த அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை நாணயச்சாலைப் படங்கள். தாளின் மேற்பகுதியில் பட்டறையும் ஆட்களும் இருப்பார்கள். கீழே அதே இயந்திரம் பாகம் பாகமாகக் கழற்றி எண்ணிடப்பட்டிருக்கும்.

காசு அடிக்கும் இயந்திரத்தின் உயிர் அதன் திருகு. கனத்த சட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கும் அந்தத் திருகின் தலையில் நீண்ட இரும்புத் தண்டு, தண்டின் இரு முனைகளிலும் ஈயக் குண்டுகள். ஆட்கள் வாரைப் பிடித்து இழுத்ததும் தண்டு சுழலும், திருகு இறங்கும், மேலச்சு, இன்னும் முத்திரை பதியாத வட்டத் துண்டான காசு வில்லையில் மோதும்.

குண்டுகளை ஏன் முனையில் வைத்தார்கள்? மையத்திலிருந்து தொலைவு இரட்டித்தால், அதே எடை அதே சுழற்சி வேகத்தில் நான்கு மடங்கு ஆற்றலைத் தேக்கிவைக்கும். தேங்கிய ஆற்றல் அத்தனையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் செலவாகிறது. தொலைவு குறையக் குறைய விசை ஏறும். அதனால்தான் சூடேற்றாத வெள்ளிகூட அச்சின் பள்ளங்களுக்குள் வழிந்து நிரம்புகிறது.

இயந்திரத்தின் முன்னே ஒரு குழி. அதில் அமர்ந்திருப்பவரின் கை கீழச்சின் மட்டத்தில் இருக்கும். அடித்த காசைத் தள்ளிவிட்டு அடுத்த வில்லையை வைப்பது அவர் வேலை. இரண்டு அடிகளுக்கு நடுவே அவர் விரல்கள் அச்சுகளுக்கிடையே போய்வர வேண்டும். இழுப்பவர்களும் அவரும் தாளம் தவறினால் என்ன ஆகும் என்பது படத்தைப் பார்த்தாலே புரியும்.

வில்லை அச்சுக்கு வருமுன், அதை வெட்டியெடுக்கும் தகடு உருளைகளுக்கிடையே நசுங்கி மெலியும். நசுங்க நசுங்க உலோகம் இறுகிவிடும். உலையில் காய்ச்சினால் உள்ளே புதிய படிகங்கள் உருவாகி மறுபடி இளகும்.

இந்தப் படங்களும் உலோக வேலைதான். செப்புத் தகட்டில் படம் வெட்டியவரும் எஃகில் நாணய அச்சு வெட்டியவரும் கையாண்டது சாய்வாகத் தீட்டிய ஒரே வகை உளி. எழுத்துகளை இருவருமே இடம்வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும்.

காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவது அன்று பெருந்தொல்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் பொறியாளர் ழான் காஸ்தேன் அமைத்த கருவி அதற்கு வழி செய்தது. இரண்டு எஃகுப் பட்டைகள், ஒன்று அசையாது, மற்றது பற்சக்கரத்தால் நகரும். நடுவே படுக்கவைத்த வில்லை உருளும்போது விளிம்பில் எழுத்தோ கோடுகளோ பதியும். பட்டைக்குப் பாதி வாசகம் என்பதால் அரைச் சுற்றே போதும். வில்லை சற்று வழுக்கினால் எழுத்தின்மேல் எழுத்து ஏறும். அப்படிப்பட்ட காசுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.