ஒரு கிராம் தங்கத்துக்கு எவ்வளவு கார்பன்?

தங்கச் சுரங்க நிறுவனங்கள் தரும் காலநிலை வாக்குறுதிகளை எப்படி எடைபோடுவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உதாரணத்துக்கு, 2030-க்குள் உமிழ்வை 30 சதவீதம் குறைப்போம், 2050-க்குள் நிகர பூஜ்ஜியத்தை (வெளியிடுவதும் ஈடுகட்டுவதும் சமமாகும் நிலை) எட்டுவோம் என்று 2020-ல் அறிவித்தது நியூமாண்ட் நிறுவனம். பாரிக் நிறுவனத்தின் இலக்கும் ஏறக்குறைய இதேதான்.

உமிழ்வுக் கணக்கில் மூன்று வகை உண்டு. நிறுவனமே எரிக்கும் எரிபொருள் முதல் வகை (ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு). விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. சுண்ணாம்பு, சயனைடு, எஃகு குண்டுகள் போன்றவற்றை யாரோ தயாரிக்கும்போது வெளியாவது மூன்றாவது. விற்ற சரக்கு பிறகு எரிந்து வெளியாவதும் இந்த மூன்றாவது வகைதான்; நிலக்கரி விற்பவருக்கு அதுதான் பெரிய தலைவலி. தங்கத்தை யாரும் எரிப்பதில்லை. அதனால் இங்கே முதல் இரண்டு வகைகள்தான் முக்கியம். மின்சாரத்தை அதிகம் விழுங்குவது பாறையை அரைக்கும் வேலை.

திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒரு டன் தாதுவில் 1 கிராம் தங்கம் இருந்தாலே தோண்டக் கட்டுப்படியாகும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகப் பாறைக்குள் புதைந்திருக்கும். சயனைடு கரைசல் தொட்டால்தான் தங்கம் கரையும் என்பதால், பாறையில் 80 சதவீதம் 75 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே வரும்வரை அரைப்பார்கள். அரவை ஆலை என்பது சுழலும் பெரிய உருளை; அதன் கொள்ளளவில் சுமார் 30 சதவீதம் எஃகு குண்டுகள். வேகம் கூடினால் ஒரு கட்டத்தில் குண்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கும்; அந்த எல்லை வேகத்தில் முக்கால் பங்கில்தான் ஆலை ஓடும். வேகம் குறைந்தால் குண்டுகள் வெறுமனே உருளும். மிஞ்சினால் தாதுவின் மேல் விழாமல் எதிர்ச்சுவரில் மோதி, உள்பூச்சுத் தகடுகளை உடைக்கும். எல்லாம் சரியாக ஓடினாலும், புதிய பாறைப் பரப்பை உண்டாக்கச் செலவாவது மின்சாரத்தில் சில சதவீதம்தான். மீதி வெப்பமாகப் போகிறது.

அரைக்க எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று கணக்கிட ஃபிரெட் பாண்ட் என்ற பொறியாளர் 1952-ல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. துகள் அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஆற்றல் தேவை ஏறும் என்பது அதன் சாரம். பாண்ட் எண் (அரைக்க எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 15 உள்ள கடினமான பாறையை 2,000 மைக்ரானிலிருந்து 75-க்கு அரைக்க டன்னுக்கு 14 யூனிட் ஆகும். 106 மைக்ரானோடு நிறுத்தினால் 11.2 யூனிட் போதும்; அரவை மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். பிறகு ஏன் நிறுத்துவதில்லை? பருமனான துகளுக்குள் தங்கம் சிக்கிக்கொள்ளும். தாதுவில் உள்ள தங்கத்தில் கைக்கு வரும் பங்கு, அதாவது மீட்பு, 92-லிருந்து 89 சதவீதமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கைநழுவும் 0.03 கிராம் தங்கத்தின் விலை, மிச்சமாகும் 2.8 யூனிட்டின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். கார்பன் கணக்கு பருமனாக அரைக்கச் சொல்கிறது, பணக் கணக்கு நைஸாக அரைக்கச் சொல்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கும் அரவை ஆய்வுகளுக்கு நிறுவனங்கள் இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும். மரம் நட்டு ஈடுகட்டுவதைவிட அது நேரடியான வழி என்பது என் உறுதியான கருத்து.

இதிலேயே ஒரு சின்ன வீணடிப்பும் உண்டு. போதுமான அளவு அரைபட்டதைப் பிரித்து வெளியே அனுப்பும் சைக்ளோன் என்ற சுழல் கருவி, எடை மிகுந்த துகளைப் பருமனான துகள் என்று எண்ணி ஆலைக்கே திருப்பிவிடும். பாறையில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் அடர்த்தி 2.65, தங்கத்தின் அடர்த்தி 19.3. ஆகவே பாறையிலிருந்து ஏற்கெனவே பிரிந்துவிட்ட தங்கம் திரும்பத் திரும்ப உள்ளே போய்த் தட்டையாக அடிபடும். இடையில், அடர்த்தி வேறுபாட்டை வைத்துப் பிரிக்கும் ஒரு ஈர்ப்புப் பிரிப்பான் வைத்தால் அதை முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

இனி கார்பனுக்கு வருவோம். டன்னுக்கு ஆகும் 14 யூனிட்டும் நிலக்கரி மின்சாரம் என்றால், டன்னுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில், ஒரு கிராம் தங்கத்துக்கு இந்த அரவையில் மட்டும் கிட்டத்தட்ட 14 கிலோ கார்பன் டைஆக்சைடு. காங்கோவின் கிபாலி சுரங்கத்தைப் போல நீர்மின்சாரத்தில் ஓட்டினால் அந்த எண் பூஜ்ஜியத்தை நெருங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆக்னியூ சுரங்கத்தில் காற்றாலை, சூரியத் தகடு, பேட்டரி மூன்றையும் எரிவாயு மின்நிலையத்தோடு இணைத்திருக்கிறார்கள். அரவை ஆலை இரவும் பகலும் ஓடுவது, அதனால் எரிவாயுவை முழுதாகக் கைவிட முடியவில்லை.

அறிக்கையைப் படிக்கும்போது, இலக்கு மொத்த உமிழ்வுக்கா அல்லது ஒரு அவுன்ஸுக்கான உமிழ்வுக்கா என்று முதலில் பாருங்கள். தாதுவின் தரம் டன்னுக்கு 1 கிராமிலிருந்து அரை கிராமாக இறங்கினால், ஆலையில் எதையும் மாற்றாமலே ஒரு கிராமுக்கான அரவை உமிழ்வு இரட்டிப்பாகும். அடுத்து, ஒரு சுரங்கத்தை விற்றாலும் மொத்த உமிழ்வு குறைந்ததாகத் தெரியும். அதை வாங்கியவர் அதே பாறையை அதே ஆலையில் அரைத்துக்கொண்டிருப்பார். பசுமைக்குடில் வாயுக் கணக்கீட்டு விதிகளின்படி, பெரிய விற்பனை நடந்தால் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டின் எண்ணையும் திருத்த வேண்டும். திருத்தினார்களா என்பது பெரும்பாலும் அறிக்கையின் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.