குமுளி மலையில் இறங்கும் சூடு

மூன்று வருடத்துக்கு முன்னால் கட்டப்பனையில் ஒரு சேட்டனிடம் பழைய கார் வாங்கினேன். 800 சிசி பெட்ரோல் வண்டி, கே.எல். 06 எண், ஓடியிருந்தது 62,000 கிலோமீட்டர். பெயின்ட் பளபளவென்று இருந்தது. கம்பத்துக்கு ஓட்டி வந்து எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், "மலைவண்டியா தம்பி? அப்ப கிலோமீட்டரைப் பாக்காத, எவ்வளவு சூடு தின்னுருக்குன்னு பாரு" என்றார்.

ஆறு மாதத்தில் புரிந்தது.

குமுளியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை சாலை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஆட்களோடு சேர்த்து வண்டி ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 39 லட்சம் ஜூல். ஒரு குடம் தண்ணீரை, அதாவது 13 லிட்டரை, கொதிக்கிற நிலைக்குக் கொண்டுவர இது போதும். அந்தச் சாலையில் போனவர்கள் மலைச்சரிவில் கிடக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே டர்பைனைச் சுற்றி மின்சாரமாகிறது. நம் காரில் டர்பைன் இல்லை. காற்றும் டயரும் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். நாலைந்து கிலோ எடையுள்ள ஒரு ஜோடி பிரேக் தட்டுக்கு அந்தக் குடத்துச் சூட்டில் பாதி போனால்கூட என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எனக்கு யோசிக்க நேரமில்லை. வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தேக்கடி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கியது. இரண்டாவது மிதிக்குத் தரை தட்டியது. முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்து மிதித்தால், மிதி கல் மாதிரி நிற்கிறது! முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், "பிரேக் நல்லாத்தான இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

பழுது பிரேக் ஆயிலில். நாம் மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது அந்தத் திரவம்தான். திரவம் சுருங்காது, அதனால் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு குணம், மழைக்கால உப்பு மாதிரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 வகை ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறிய பின் 155. இடுக்கிப் பக்கம் மழை எப்படி என்று சொல்லவே வேண்டாம். மலை இறங்கும்போது பிரேக்கின் சூடு ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து ஆவிக்குமிழ் விடுகிறது. ஆவி சுருங்கும். நாம் மிதிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதில் போய்விடுகிறது. ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகிவிடும், மிதி திரும்பிவிடும். பழுது ஒளிந்துகொள்ளும்.

அண்ணன் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். தெளிந்த தேன் நிறத்தில் இருக்க வேண்டியது டிகாஷன் மாதிரி இருந்தது. ஆயில், கூலி, காற்று எடுத்தது எல்லாம் சேர்த்து 700 ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பழைய வண்டி வாங்குகிறவர்களில் இதைப் பார்க்கிற ஆளை நான் அதிகம் கண்டதில்லை.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ நியாயம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க அது கொஞ்சம் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, நியூட்ரலில் செலவும் அதிகம், மொத்தப் பாரமும் பிரேக் தலையில். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஜீப் டிரைவர்கள் சொல்வது சரியான கணக்கு.

ஏற்றத்தில் சூடு வாங்குவது கிளட்ச். எஞ்சின் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரத்தின் பக்கம் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உரசி, வழுக்கி, கடைசியில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவதுதான் கிளட்ச் பிளேட்டின் வேலை. வழுக்குகிற நேரமெல்லாம் ஆற்றல் சூடாகப் போகும். சமதளத்தில் எவ்வளவு நிதானமாக எடுத்தாலும், வண்டிக்குக் கிடைத்த இயக்க ஆற்றலுக்குக் குறையாத அளவு பிளேட்டிலும் சூடாக இறங்கியிருக்கும். சபரிமலை சீசனில் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால், ஹேண்ட்பிரேக் போடாமல் அரைக்கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறோமே, அப்போது வண்டி நகரவே இல்லை. கிளட்ச் வழியாக வருவது முழுக்கச் சூடுதான். அந்தக் கருகல் வாசனை தெரியாதவர் எங்கள் ஊரில் இல்லை. சோதிக்க, சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் தேய்ந்திருக்கிறது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றியதில் எனக்கு 5,800 ஆனது. பேரிங்கை மட்டும் விட்டுவைத்துக் காசு மிச்சம் பிடித்தால், அது போகும்போது கியர்பாக்ஸ் இறக்குகிற கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

அப்புறம் ரேடியேட்டர். குமுளி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி குக்கர் விசில் மாதிரி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால், உள்ளே 120 டிகிரி பக்கம் வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மூடியின் விலை 200, 300 ரூபாய்தான். அதைக் கவனிக்காமல் எஞ்சின் சூடேறி, அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட், போனால், ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் தட்டுவது வரை 12,000-த்துக்குக் குறையாது. எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். கேஸ்கட் போய்த் தண்ணீர் கலந்து, ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் அந்த வண்டி வேண்டாம். (ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாகப் படிந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மலைக்குளிரில் குட்டிக் குட்டியாக ஓடிய வண்டியில் அது வரும்.) கூலன்ட்டுக்குப் பதிலாகத் துரு நிறத்தில் குழாய்த் தண்ணீர் நின்றால் பேரம் பேசலாம்.

சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட் எல்லாம் எஸ்டேட் ரோட்டில் ஓடிய வண்டியில் லொடலொடத்துத்தான் இருக்கும். ஆயிரம், இரண்டாயிரத்தில் முடிகிற வேலை. வாங்கிய வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் உண்டு. அதையும் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேரள வண்டி என்றால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தையும் நினைக்காமல் முடியாது. முங்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் சீட் பெல்ட் சுருளுக்குள் யாரும் கழுவுவதில்லை. பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் பழுப்புக் கோடு தெரியும், கையில் நைசான சேறு ஒட்டும். என் வண்டியின் பெல்ட்டை அண்ணன் முழுக்க இழுத்துப் பார்த்தார். கோடு இல்லை. ஏலக்காய்த் தோல் இரண்டு உதிர்ந்தது.