கையில் இருப்பது பத்து ரேண்டு

தென் ஆப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இருப்பது அளவுதான், ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும் என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்கப் பெற்றோரிடம் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: கடையில் குழந்தை அடம்பிடித்தால் "காசு இல்லை" என்று சொல்லாதீர்கள். அடுத்த நிமிடமே நீங்கள் கார்டை நீட்டி வண்டி நிறையச் சாமான் வாங்குவதை அது பார்த்துக்கொண்டுதானே நிற்கிறது! "காசு இருக்கிறது, ஆனால் அது கரண்டுக்கும் உன் ஸ்கூல் வேனுக்கும் எடுத்து வைத்தது" என்று சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

வீட்டில் முன்கூட்டியே காசு கட்டிக் கரண்டு ஏற்றிக்கொள்ளும் ப்ரீபெய்டு மீட்டர் இருந்தால் அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. கடையில் வாங்கி வந்த 20 இலக்க எண்ணைப் பிள்ளையையே அழுத்தச் சொல்லுங்கள், ஏறிய யூனிட்டை ஒரு தாளில் எழுதட்டும், கீசர் ஓடாத ராத்திரிக்கும் ஓடிய ராத்திரிக்கும் எவ்வளவு குறைந்தது என்று மறுநாள் காலையில் அதுவே பார்த்துச் சொல்லட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் காலம் தள்ளினார்களே, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடிக்க எந்த வாளி, கழிவறைக்கு எந்த வாளி என்று யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் டக் ஷாப் காசு, அதாவது பள்ளித் தின்பண்டக் கடைக்குக் கொடுத்தனுப்பும் காசு. பத்து ரேண்டு (ரேண்டுதான் எங்கள் நாட்டுப் பணம்) கொடுத்தால் எதை வாங்குவது என்று பிள்ளை முடிவு செய்யட்டும், ஆனால் வாங்குவதற்கு முன்னால் "சிப்ஸ் வாங்கினால் எதை விடப்போகிறாய்?" என்று மட்டும் கேளுங்கள், ஏனென்றால் விட்டது எது என்று வாயால் சொல்லும்போதுதான் அது தேர்வாகிறது. சிப்ஸ் தின்று முடித்ததும் ஜூஸுக்கு அழும். அழட்டும். அந்த நேரத்தில் ஆயா (பாட்டி) புடவை முடிச்சை அவிழ்த்து இன்னொரு ஐந்து ரேண்டு கொடுத்துவிட்டால் அன்றைய பாடம் அவ்வளவுதான். ஆயாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன சொல்லையும் காப்பாற்ற வேண்டும். அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பொறுத்திருந்தால் இரண்டாவது மிட்டாய் தருவதாகச் சொன்னபோது, அதற்கு முன் வாக்கைக் காப்பாற்றிய பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் மூன்றே நிமிடம்தான். சேர்த்து வைத்த உண்டியல் காசை மாதக் கடைசியில் "கடன்" என்று எடுத்துவிட்டுத் திருப்பித் தராத வீட்டுப் பிள்ளை, கையில் கிடைத்ததை அன்றைக்கே செலவழிப்பதில் என்ன தப்பு?

ஆசிரியர்களுக்கும் ஒன்று. அரசின் பள்ளி உணவுத் திட்டத்தில் கிடைக்கும் சாப்பாட்டை நம்பி வரும் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் தின்பண்டத்தை வைத்து இந்தப் பாடத்தை நடத்தாதீர்கள். நான் நேரத்தை வைத்து நடத்துகிறேன்: கடைசிப் பதினைந்து நிமிடம் இருக்கிறது, கதையா, மைதானமா, இரண்டுக்கும் நேரம் இல்லை, பேசி முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிடுவேன். சண்டை போட்டே ஐந்து நிமிடத்தைத் தீர்த்துவிட்டால் மிச்சம் பத்துதான், நான் கூட்டித் தருவதில்லை.