அதிகாலை இரண்டரையும் காலை எட்டும்

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் தெரிந்தவர் ஒருவரின் விடுதிக்கு, அறைப் பதிவுகளைக் கவனிக்கும் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். ஓகஸ்ட் மாதம், கிழக்குக் கரையில் சனம் நிரம்பி வழியும் நேரம். ஒருநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, எட்டு மணியானால் போதும், உங்கட சிஸ்டம் படுத்திடுது. புறாமலைக்குப் படகேறப் போற ஆக்கள் பில்லுக்காக வரிசையில நிக்கிறாங்க."

கால் மணித்தியாலத்தில் அதுவாகவே எழும்பிவிடுமாம். மறுநாளும் எட்டு மணி. அதற்கடுத்த நாளும் எட்டு மணி, ஒரு நிமிடம் முன்பின் இல்லை. மனிதர்களால் வரும் நெரிசல் இவ்வளவு நேரம் தவறாமல் வராது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. தரவுகளை எல்லாம் பிரதியெடுத்துச் சுருக்கி வைக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒன்றை, ஊரே உறங்கும் அதிகாலை 2:30க்கு ஓடும்படி நான்தான் வைத்திருந்தேன். மென்பொருள் ஓடும் கணினியான சேர்வரின் கடிகாரமோ கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் இருந்தது. அங்கே 2:30 என்றால் நமக்குக் காலை 8:00. ஐந்தரை மணித்தியாலம்!

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தொடக்கிவிடுவது 'கிரான்' என்ற நிரல். காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான குரோனோஸிலிருந்து வந்த பெயர் என்பார்கள். 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் யூனிக்ஸுடன் பிறந்தது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் ஓடுவது 1987இல் போல் விக்சி எழுதியதன் வழிவந்த கிரான். உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. கணினி தொடங்கும்போது இதுவும் தொடங்கித் திரைமறைவில் கிடக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை கண் விழிக்கும், கடிகாரத்தைப் பார்க்கும், கையிலுள்ள அட்டவணையைப் பார்க்கும். இந்த நிமிடத்துக்கு ஏதும் வேலை எழுதியிருந்தால் அதைத் தொடக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடும். தொடக்கிய வேலை முடிந்ததா, இழுபடுகிறதா என்று அது காத்திருப்பதில்லை.

அந்த அட்டவணையின் பெயர் கிரான்டாப். ஒரு வரிக்கு ஒரு வேலை. வரியின் தலையில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. அதன் பிறகு கட்டளை. நான் எழுதியிருந்தது இப்படி:

30 2 * * *

உடுக்குறி என்றால் 'எதுவானாலும் சரி'. எந்தத் தேதி, எந்த மாதம், எந்தக் கிழமையானாலும் 2 மணி 30 நிமிடத்துக்கு ஓடு என்று பொருள். நிமிடத்தின் இடத்தில் */5 என்று போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். */7 என்று போட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை என்றுதான் நினைப்போம். ஆனால் 0, 7, 14 என்று போய் 56ஐத் தொட்டதும் அடுத்த மணி பிறந்து மறுபடி 0 வந்துவிடும். நடுவில் நான்கே நிமிடம். கடைசியாக எப்போது ஓடினோம் என்ற நினைவு கிரானுக்குக் கிடையாது. கடிகார முள் எங்கே நிற்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு.

இன்னொரு கிறுக்குத்தனம்: தேதிக்கு 13, கிழமைக்கு 5 (வெள்ளி) என்று இரண்டையும் எழுதினால், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும் நாளில் மட்டும் ஓடாது. எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளியும் ஓடும்.

சரி, நேரத்துக்கு வருவோம். நம்முடைய அதிகாலை 2:30 என்பது உலகப் பொது நேரத்தில் முந்திய நாள் இரவு 9:00. ஆகவே 0 21 * * * என்று மாற்றினேன், காலைத் தொல்லை தீர்ந்தது. ஆனால் மாதக் கணக்கு முடிக்கும் வேலை ஒன்று முதலாம் தேதி அதிகாலையில் ஓட வேண்டியிருந்தது. சேர்வரின் கணக்கில் அது முந்திய மாதத்தின் கடைசி நாள். கடைசி நாள் 28ஆ, 30ஆ, 31ஆ? 'மாதக் கடைசி' என்று எழுத கிரான்டாப்பில் இடமே இல்லை. பேசாமல் சேர்வரின் நேர வலயத்தையே கொழும்பு நேரத்துக்கு மாற்றிவிடலாமே என்பீர்கள். செய்யலாம், சிறிய விடுதிக்கு அதுவே போதும், நானும் கடைசியில் அதைத்தான் செய்து, பழையபடி 2:30 என்றே எழுதினேன். ஆனாலும் பெரிய இடங்களில் பொது நேரத்தை விடமாட்டார்கள். ஏனென்று நம் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996 மே 25இல் இலங்கைக் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் 'பழைய நேரமா, புது நேரமா' என்று கேட்டுத்தான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கிரானின் கண்ணால் பாருங்கள்: 1996இன் அந்த இரவில் 12 மணி 15 நிமிடம் என்ற ஒன்று வரவேயில்லை. 2006இல் அது இரண்டு தடவை வந்தது. பொது நேரத்தில் இந்தத் தள்ளுமுள்ளு எதுவும் கிடையாது.

அடுத்து எல்லோரையும் ஒரு தடவையாவது அழ வைப்பது, கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாமல் போவது. நாம் உள்நுழையும்போது நமது அமைப்புக் கோப்புகள் எல்லாம் வாசிக்கப்படுகின்றன. எந்தக் கட்டளையை எந்த அடைவில் (ஃபோல்டரில்) தேடுவது என்று அவை சொல்லிக் கொடுக்கின்றன. கிரான் அவற்றைத் தொடுவதேயில்லை. தேடச் சொல்லி ஓரிரண்டு அடைவுகள்தான் அதன் கையில் இருக்கும். வீட்டு ஆளிடம் 'அந்தச் சாவியை எடு' என்றால் போதும், புதிதாக வந்தவருக்கு எந்த அறை, எந்த மேசை, எத்தனையாவது லாச்சி என்று சொல்ல வேண்டாமா? அப்படித்தான் இதுவும். கட்டளையின் முழுப் பாதையையும் எழுத வேண்டும். கோப்பின் பெயரில் தேதி ஒட்டுவதற்காகச் சதவீதக் குறி போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்தக் குறியை கிரான் வரி முறிவாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். இதில் எனக்கு ஒரு முழு இரவு போனது.

மின்வெட்டு வந்தால்? கணினி அணைந்திருந்த நேரத்து வேலைகள் போனது போனதுதான். விடுதிக்குள்ளேயே ஒரு கணினியை வைத்து ஓட்டியவர்களுக்கு 2022இல் இது நன்றாகப் புரிந்திருக்கும். விட்டதைப் பிடிக்க அனகிரான் என்று ஒன்று உண்டு. இன்றைக்கு ஓட வேண்டியது ஓடியதா என்று அது குறித்து வைத்துக்கொள்ளும், கணினி எழும்பியதும் பாக்கியைத் தீர்க்கும்.

கடைசியில் விடுதிக்காரர் ஒரு கோரிக்கை வைத்தார். போயா எனும் பௌர்ணமி நாளில் மது பரிமாறக்கூடாது, ஆகவே அன்று காலை விருந்தினர் எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். பௌர்ணமி கிரானின் ஐந்து இடங்களில் எதிலும் அடங்காது. அதற்குத் தெரிந்தது ஆங்கில நாட்காட்டி மட்டும். அதனால் ஸ்கிரிப்டைத் தினமும் காலை 7:00க்கு ஓடவிட்டேன். அது முதலில் போயா தேதிப் பட்டியல் ஒன்றைத் திறக்கும், இன்றைய தேதி அதில் இல்லையென்றால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் ஓடி, பன்னிரண்டு பதின்மூன்று நாட்கள் மட்டும் வாய் திறக்கும் வேலை. பட்டியலைப் புதுப்பிக்க எனக்கே நினைவூட்டும்படி இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்:

0 9 1 12 *